மூன்று புள்ளி எட்டை எடுக்க மாட்டேன்

மக்கா,

உன் கோரிக்கையை நிராகரித்துவிட்டேன். இதற்குள் உனக்கு மின்னஞ்சல் வந்திருக்கும். காரணம் எழுதும் இடத்தில் "முடியாது" என்று ஒரே சொல்லைப் போட்டிருக்கிறேன். அந்தச் சின்னப் பெட்டிக்குள் அதற்கு மேல் எழுதினால் எனக்குத்தான் ரத்தக்கொதிப்பு ஏறும். மீதியை இங்கே எழுதுகிறேன். நீ எல்லோரும் பார்க்கிற இடத்தில், "பழைய குப்பையை அகற்றுதல்" என்று தலைப்பு வைத்து, எனக்கு ஒரு போன்கூடப் போடாமல் கேட்டாய். நானும் எல்லோரும் பார்க்கிற இடத்திலேயே பதில் சொல்கிறேன். இராஜாக்கமங்கலத்தில் உன் மாமியார் வீட்டார் படித்துவிடுவார்களே என்று உன் அப்பாவுக்கு ஒரே கவலை. "அம்மையும் மவனும் ஊரு பாக்க சண்ட போட்டா, பத்திரிகை குடுக்கப் போற எடத்துல நான் என்னத்தச் சொல்லுவேன்?" என்று கேட்டார். படிக்கட்டும் என்றேன். மாப்பிள்ளையைப் பெற்றவள் எப்படிப்பட்டவள் என்று கல்யாணத்துக்கு முன்னாலேயே தெரிந்துகொள்வது அவர்களுக்கும் நல்லதுதான்.

உனக்குத் தெரிந்ததுதான் என்றாலும், இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கச்சான் என்று மேல்காற்றின் பெயரை வைத்த இந்த மென்பொருள் செய்வது ஒரே ஒரு வேலை. காற்றாலையின் அடியில் இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி, இயந்திரம் எப்போது ஓடியது, எப்போது நின்றது, ஏன் நின்றது என்பதை எண்களாகப் பதிந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு கம்பெனி இயந்திரமும் அதை ஒவ்வொரு மாதிரி பதியும். ஆரல்வாய்மொழியில் நான் வேலை பார்த்த அலுவலகத்துக்குப் பல கம்பெனி இயந்திரங்களிலிருந்தும் அந்த எண்கள் வந்து குவியும். அவற்றை மனிதர்கள் வாசிக்கிற வரிகளாக மாற்றத்தான் இதை எழுதினேன். படித்தது எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. நிரல் எழுதுவதை நானாகவே கற்றுக்கொண்டேன். "காத்தாடி ஆபீசுக்கு டைப் அடிக்க வந்த பிள்ள கம்ப்யூட்டருக்கே பாடம் எடுக்கப் போவுதாக்கும்" என்று மேனேஜர் எல்லோர் முன்னாலும் சிரித்தார். அடுத்த காற்று சீசனில் அவரே என் மேசைக்கு வந்து அதைத் தன் கம்ப்யூட்டரிலும் போட்டுத்தரச் சொன்னார். பிறகு கம்பெனியின் சம்மதத்தோடு, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்திக்கொள்ளலாம் என்று இணையத்தில் போட்டேன். அதற்கு ஓப்பன் சோர்ஸ் என்று பெயர் என்பதே போட்ட பிறகுதான் எனக்குத் தெரியும்.

அந்த முதல் பதிப்பில் நடந்த கூத்து உனக்கு நினைவிருக்கும். சீசன் மாதங்களில் காற்றின் வேகம் பூஜ்யம் என்று எண் வந்தால், அளக்கும் கருவி கெட்டுவிட்டது என்று கச்சான் முடிவு செய்துவிடும். பூஜ்யத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு அதற்கு முந்தைய எண்ணை நிரப்பிவிடும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடி மாதத்தில் காற்று நிற்பதாவது! குடையைப் பிடிக்க முடியாமல் வளர்ந்தவள் நான். பூஜ்யம் என்று ஒன்று உண்மையிலேயே இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எங்கோ ஒரு தீவிலிருந்து ஒருவர் கோபமாக எழுதினார்: உங்கள் ஊரில் காற்று நிற்கவே நிற்காதா? ஆமாம், நிற்காது என்று நானும் எழுதிவிட்டேன். பிறகு திருத்தினேன் என்பது வேறு. ஊர்க்காற்றை உலகக்காற்று என்று நினைத்துவிட்டாய் அம்மா என்று நீ எத்தனை வருஷம் என்னைக் கிண்டல் செய்தாய்! இன்றைக்கு அதையேதான் உனக்குத் திருப்பிச் சொல்கிறேன். பெங்களூரில் உன் அலுவலகத்தில் இரண்டு வருஷத்துக்கு ஒரு லேப்டாப் கொடுக்கிறார்கள். உலகத்தில் எல்லோர் மேசையிலும் அதுதான் இருக்கிறது என்று நீ நினைத்துவிட்டாய்.

நீ கேட்டது என்ன? கச்சான் எழுதப்பட்டிருக்கும் மொழி பைத்தான். ஒரு கம்ப்யூட்டரில் கச்சான் ஓட வேண்டுமானால் அதில் பைத்தான் இருக்க வேண்டும். பைத்தானுக்கு வருஷா வருஷம் புதிய பதிப்பு வருகிறது; பழையவற்றை அதை உருவாக்குகிறவர்களே சில வருஷங்களில் கைவிட்டுவிடுகிறார்கள். மூன்று புள்ளி எட்டு என்ற பதிப்பை அப்படிக் கைவிட்டாகிவிட்டது. ஆகவே நாமும் விட்டுவிடுவோம், இனி புதிய பைத்தான் இருந்தால் மட்டுமே கச்சான் ஓடட்டும் என்கிறாய். உன் காரணங்களில் பாதி சரி, அதை நான் மறைக்கவில்லை. ஒவ்வொரு திருத்தத்தையும் இத்தனை பதிப்புகளிலும் ஓட்டிப் பார்க்க நேரமாகிறது. நாம் துணைக்கு எடுத்துக்கொண்டிருக்கும் மற்ற மென்பொருள்கள் எட்டை எப்போதோ விட்டுவிட்டன. பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க ஆளில்லை. உதவ வருகிற இளம்பிள்ளைகள் பழைய வாக்கிய அமைப்பைப் பார்த்ததும் ஓடிவிடுகிறார்கள். கோரிக்கையைப் போட்ட பிறகு போனில் நீ இன்னும் பச்சையாகச் சொன்னாய்: "எம்மா, ஒலகமே எறக்கி வச்சிட்டுப் போனத நீ மட்டும் எதுக்குத் தூக்கிச் சொமக்கே?" வட்டக்கோட்டையில் கல்யாணப் போட்டோ எடுக்கப் போன இடத்தில், பட்டு வேட்டியோடு மதில்மேல் நின்றுகொண்டு என்னோடு இதைப் பேசினாய். போட்டோக்காரர் பின்னாலிருந்து உன்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண் பாவம், வெயிலில் காத்துக்கொண்டிருந்தாள். அதற்காக அவளிடம் மட்டும் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

பழசின் மேல் அம்மாவுக்குப் பாசம் என்று நீ உன் நண்பர்களிடம் சொல்லியிருக்கிறாய். அப்படி ஒரு பாசம் எனக்குக் கிடையாது. நம் வீட்டு ஆட்டுரலை ஆள் வைத்துத் தூக்கி வெளியே போட்டவள் நான். உன் அப்பா வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்லப் பித்தளைப் பாத்திரங்களை எடைக்குப் போட்டுவிட்டு, அந்தக் கையோடு போய் இன்டக்ஷன் அடுப்பு வாங்கி வந்தேன். பழைய பைத்தானில் தமிழ் எழுத்தைக் கையாள நான் பட்ட பாட்டுக்கு, இரண்டாம் பைத்தானை விட்டொழித்த அன்றைக்குப் பால்பாயசம் வைத்தேன். நீதான் இரண்டு டம்ளர் குடித்தாய். அதை விட்டபோது அதை வைத்துக்கொண்டிருந்த ஒருவரும் மிச்சமில்லை. கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் விட்டேன். எட்டையும் அப்படி ஒருநாள் விடுவேன், அன்றைக்கும் பாயசம் உண்டு. அந்த நாள் இன்றில்லை என்பதுதான் எனக்கும் உனக்கும் உள்ள வழக்கு.

இன்னொன்றையும் இப்போதே சொல்லி முடித்துவிடுகிறேன். மகன் புதுவாழ்க்கைக்குப் போகிறான், அம்மாவுக்கு வயதாகிறது, தன்னையும் பழைய பதிப்பு என்று ஒதுக்கிவிடுவானோ என்ற பயத்தில் இந்தப் பிடிவாதம் பிடிக்கிறாள் என்று நீ நினைக்கலாம். உன் சித்தி அப்படித்தான் நினைக்கிறாள், என் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கவும் செய்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. என்னை யாரும் ஒதுக்க முடியாது. நான் எந்த மென்பொருளின் பதிப்பும் இல்லை, கச்சானின் பராமரிப்பாளர். கண்ணில் புரை வந்திருக்கிறது, அடுத்த மாதம் அறுவை சிகிச்சை செய்துகொள்வேன், அதுவரை எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு வேலை செய்வேன். என்னை வைத்து யாரும் உருக வேண்டாம். இங்கே பேச்சு வேறு ஒருவரைப் பற்றியது.

உனக்கு சுயம்புவைப் பிடிக்காது. எனக்கும் அவ்வளவாகப் பிடிக்காது. படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: சுயம்பு, ஆரல்வாய்மொழிக்குக் கிழக்கே ஒரு மில்லுக்குச் சொந்தமான பழைய காற்றாலைகளைப் பார்த்துக்கொள்கிறவன். போன் செய்தால் வணக்கம் கிடையாது, நலமா கிடையாது, நேராகக் குறைதான். உன் நிச்சயதார்த்தத்தன்று மோதிரம் மாற்றுகிற நேரத்தில் கூப்பிட்டு, வரிகள் ஏன் வலப்பக்கம் நகர்ந்து தெரிகின்றன என்று கேட்டவன். இத்தனை வருஷத்தில் ஒரு நன்றி சொன்னதில்லை. சொல்லிக்கொடுத்ததை அடுத்த வாரம் மறந்துவிடுவான். மறந்தது என் தப்பு மாதிரிப் பேசுவான். அவனுக்காகவா ஒரு மென்பொருளையே பின்னால் பிடித்து இழுப்பது என்று நீ கேட்டாய். ஆமாம், அவனுக்காகத்தான். நல்லவர்களுக்கு மட்டும்தான் உதவுவோம் என்று நாம் உரிமத்தில் எங்கேயும் எழுதவில்லையே.

அவனுடைய கட்டுப்பாட்டு அறையில் இருப்பது பழைய விண்டோஸ் போட்ட ஒரு கம்ப்யூட்டர். இயந்திரத்தைச் செய்த கம்பெனி கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டது. கட்டுப்பாட்டுப் பெட்டிகளோடு பேசும் அவர்களுடைய மென்பொருள் அந்த விண்டோஸில் மட்டும்தான் ஓடும். கம்ப்யூட்டரை மாற்றினால் காற்றாலையோடு பேச வழியில்லை. அந்த விண்டோஸில் ஏறக்கூடிய கடைசிப் பைத்தான் எது? மூன்று புள்ளி எட்டு. அதற்கு மேல் ஒன்றும் ஏறாது. நீயும் நானும் ஒருநாள் முழுக்க உட்கார்ந்து முயன்று பார்த்தோம். சுயம்பு சோம்பேறிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்த விஷயத்தில் அவன் எட்டில் இருப்பதற்குச் சோம்பல் காரணமில்லை. அந்தக் கம்ப்யூட்டர் இணையத்தோடு இணைக்கப்படாதது. உன் பாதுகாப்பு ஓட்டைகள் வழியாக அதற்குள் வர ஒரு ஈயும் இல்லை. அந்த இயந்திரங்களைக் கழற்றிவிட்டுப் பெரியவை நிறுத்தப்போகிறார்கள் என்று ஒவ்வொரு வருஷமும் பேச்சு வருகிறது. கழற்றுகிற வரை அவற்றின் மேலே ஆள் ஏறித்தான் ஆக வேண்டும்.

ஏறுவதற்கு முன்னால் செய்கிற ஒரு காரியம் உண்டு. என்னோடு நீ அங்கே வந்திருந்தபோது பார்த்திருக்கிறாய். இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு ஏறப்போகிறவர் திரையைப் பார்க்க மாட்டார். கீழே நிற்கப்போகிறவர்தான் கச்சானை ஓட்டி, இயந்திரம் ஏன் நின்றது என்ற கடைசி வரியைச் சத்தமாக வாசிப்பார். ஏறுகிறவர் அதைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் ஏணியில் கால் வைப்பார். காற்றின் இரைச்சலில் இரண்டு பேரும் கத்திக்கொண்டு நிற்பது பார்க்க வேடிக்கையாக இருக்கும். பல வருஷங்களாக, நான் வேலையை விட்ட பிறகும், ஒரு சீசனில்கூட அவர்கள் இதை விட்டதில்லை. அவர்கள் வாசிக்கிறது என்னுடைய வரி, மக்கா. நான் தப்பாக எழுதினால் அவர்கள் தப்பாகக் கத்துவார்கள், தப்பாகவே திருப்பிச் சொல்வார்கள், பிறகு ஏறுவார்கள்.

அந்தத் தப்பைப் போன மாதம் நீதான் கண்டுபிடித்தாய். சுயம்புவின் இயந்திரங்கள் மாதிரியான ஒரு பழைய வகைப் பெட்டி, ப்ரேக் கட்டை தேய்ந்துவிட்டது என்பதற்குப் பதிகிற குறியீட்டை, ஆபரேட்டர் தானே நிறுத்தினார் என்று கச்சான் வாசித்துக்கொண்டிருந்தது. எழுதியவள் நான். கண்டுபிடித்தவன் நீ. யாரும் குறை சொல்லாமலே, வேறு எதையோ தேடப்போன இடத்தில் உன் கண்ணில் பட்டது. அன்று மாலையே திருத்திவிட்டாய். உன் திருத்தத்தை வாசித்துவிட்டு எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. உன் அப்பாவைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன், அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் நல்லா இருக்கு என்றார். நான் அதைவிட நன்றாக எழுதியிருக்க மாட்டேன். ஆனால் நீ அதைப் புதிய பைத்தானில் மட்டுமே இருக்கும் ஒரு வாக்கிய அமைப்பில் எழுதியிருந்தாய். பழைய பைத்தான் அந்த வரியைக் கண்டதும், புரியவில்லை என்று நின்றுவிடும். அதை ஒட்டித்தான் மறுநாள் உன் கோரிக்கை வந்தது: எட்டை எடுத்துவிடலாம், திருத்தம் உடனே வெளியே போகும். யோசித்துப் பார். எந்த இயந்திரத்துக்காக அந்தத் திருத்தமோ, அந்த இயந்திரத்தோடு பேசுகிற கம்ப்யூட்டரைத்தான் நீ வெளியே நிறுத்துகிறாய். மருந்தைக் கண்டுபிடித்துவிட்டு, நோயாளி வீட்டுக்குப் போகிற பாதையை மூடுகிறாய்.

பழைய பதிப்பு அங்கேயேதானே இருக்கிறது, அதை யார் எடுத்தார்கள் என்று கேட்டாய். இருக்கிறது, உன் திருத்தம் இல்லாமல் இருக்கிறது. தப்பாக வாசிக்கிற பதிப்பைப் பத்திரமாக வைத்திருக்கிறோம் என்பதில் எனக்கு என்ன பெருமை? பென்டிரைவில் எடுத்துவந்து வேறு லேப்டாப்பில் ஓட்டச் சொல் என்றாய். சொல்லலாம். ஆடிக்காற்றில் இயந்திரம் நின்றுவிட்டால் மில் முதலாளி போனில் கத்திக்கொண்டிருப்பார். ஏறுகிறவர் பெல்ட் கட்டியாகிவிட்டது. அந்த நேரத்தில் பென்டிரைவைத் தேடி, லேப்டாப்பைத் திறந்து, சார்ஜ் இல்லாமல் அதைச் செருகி என்று புதிதாக ஒரு வேலை வைத்தால், அந்த வேலை நடக்காது. முதல் இரண்டு தடவை நடக்கும், மூன்றாம் தடவை யாராவது ஒருவர் பழைய பதிப்பிலேயே பார்த்துவிட்டு, நீ ஏறு என்பார். சுயம்புவை உனக்குத் தெரியாதா? அந்த ஒருவன் அவனாகத்தான் இருப்பான். அவனைத் திருத்த என்னால் முடியவில்லை. கச்சானைத் திருத்த முடியும்.

நீ பிளஸ் டூ பாஸான நாள் உனக்கு நினைவிருக்கிறதா? உன் அப்பா அப்போது ஓமனில் இருந்தார். அவரிடம் இருந்தது ஒரு பழைய போன். நாங்கள் முகம் பார்த்துப் பேசுகிற செயலி, அந்த வாரம்தான், இந்தப் போன் இனி செல்லாது என்று சொல்லிவிட்டு நின்றுபோயிருந்தது. உன் மார்க் பட்டியலைப் போட்டோ எடுத்துவைத்துக்கொண்டு நீ இரவு வரை முயன்றாய். கடைசியில் சாதாரணப் போனில் கூப்பிட்டு ஒவ்வொரு பாடமாக வாசித்தாய். அப்பா மறுமுனையில் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார். வைத்துவிட்டு நீ சுவரைக் குத்தினாய், கை வீங்கிவிட்டது. "எவன்மா இத எழுதுனது? எங்கப்பா மாதிரி ஆளெல்லாம் அவன் கண்ணுல படவே இல்லியா?" என்று கேட்டாய். அவர்களிடமும் நல்ல காரணங்கள் இருந்திருக்கும், மக்கா. ஓட்டிப் பார்க்க நேரமாகிறது என்றிருப்பார்கள். அந்த மாதிரிப் போன் வைத்திருக்கிறவர்கள் ரொம்பக் கொஞ்சம் பேர்தான் என்று யாரோ ஒரு படம் வரைந்து காட்டியிருப்பார். அந்தக் கொஞ்சம் பேருக்குள்ளே உன் அப்பா இருந்தார். நீ இந்தப் படிப்புக்குப் போனதே அந்தக் கோபத்தில்தான் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். என்னைப் பொய்யாக்கிவிடாதே.

கல்யாணமாகப் போகிறவனுக்கு அம்மா புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஒன்றை வேண்டாம் என்று முடிவெடுப்பதற்கு முன்னால், அதை வைத்து இன்னும் யார் பிழைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று போய்க் கேள். இணையத்தில் எண்ணிக்கையைப் பார்ப்பது கேட்பது ஆகாது. சுயம்புவின் கம்ப்யூட்டர் எந்த எண்ணிக்கையிலும் வராது. கேட்ட பிறகும் விட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் விடு, ஆனால் குப்பை என்று சொல்லாதே. உன் மனைவி தன் வீட்டுப் பழக்கங்களோடு நம் வீட்டுக்கு வருவாள். நீயும் உன் பழக்கங்களோடுதான் அவள் வீட்டுக்குப் போவாய். அவள் சமைக்கிற முறை, அவள் அப்பா பேசுகிற முறை, எதுவும் உன் பெங்களூர்ப் பதிப்புக்குப் பொருந்தாமல் இருக்கும். நீ அதற்கு இடம் கொடுத்து எழுத வேண்டும், அவளும் அப்படியே. அது கஷ்டமான வேலை, அழகாக இருக்காது, யாரும் பாராட்டவும் மாட்டார்கள். நானும் உன் அப்பாவும் இன்றுவரை அதைச் செய்துகொண்டிருக்கிறோம். அவர் இன்னும் பித்தளைப் பாத்திரத்துக்காக என்னைத் திட்டுகிறார்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். உன் கோரிக்கை வந்த மறுநாள், உன்னிடம் கேட்காமல், உன் திருத்தத்தை எடுத்துப் பழைய பைத்தானுக்குப் புரிகிற மாதிரி மாற்றி எழுதினேன். நீ ஒரே அழகான வாக்கியத்தில் சொன்னதை, இது இருந்தால், இல்லாவிட்டால், அதுவும் இல்லாவிட்டால் என்று நீட்டி எழுதினேன். உனக்குப் பார்க்கவே பிடிக்காது. கண் வலிக்க வலிக்க எல்லாப் பதிப்புகளிலும் ஓட்டிப் பார்த்தேன். வெளியிட்டேன். எழுதியவர் என்ற இடத்தில் உன் பெயரைத்தான் போட்டேன். யோசனை உன்னுடையது, நான் மொழியை மட்டும்தான் மாற்றினேன். பிறகு பென்டிரைவில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப்போய் சுயம்புவின் கம்ப்யூட்டரில் நானே போட்டுக்கொடுத்தேன். எதற்கு இப்போது, பழையது நன்றாகத்தானே இருந்தது என்று முனகினான். நீ போட்டால் போடு, இல்லையென்றால் தள்ளு, நான் போடுகிறேன் என்று நாற்காலியிலிருந்து அவனை எழுப்பிவிட்டேன். ஒரு டீகூட வாங்கிக் கொடுக்கவில்லை.

முந்தாநாள் காலையில் அவனுடைய இயந்திரங்களில் ஒன்று தானாக நின்றுவிட்டது. மேலே காற்று அளக்கும் கருவியில் ஏதோ கோளாறு என்று நினைத்து, மாற்றுவதற்கு ஒரு பையன் பெல்ட் கட்டிவிட்டான். உன் வயதுதான் இருக்கும், பெயர் ஜெபின். முதலாளி போனில் இருந்தார். சுயம்பு கச்சானை ஓட்டி வாசித்தான். பழைய பதிப்பாக இருந்திருந்தால், ஆபரேட்டர் நிறுத்தினார் என்று வந்திருக்கும். முந்தின ஷிப்ட்காரர் நிறுத்தியிருப்பார் என்று நினைத்துப் பையனை ஏற்றிவிட்டிருப்பார்கள். வந்தது வேறு: ப்ரேக் கட்டை தேய்ந்துவிட்டது. ஜெபின் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு பெல்ட்டை அவிழ்த்துவிட்டான். நேற்று காற்று நன்றாக அடங்கிய நேரம் பார்த்து, சர்வீஸ்காரர்கள் வந்து வேறு விதமாகப் பாதுகாப்புச் செய்துகொண்டு ஏறிப் பார்த்தார்கள். கட்டையில் ஒன்றுமே மிச்சமில்லை. மேலே ஆள் நிற்கும்போது ஒரு பலத்த காற்று வந்திருந்தால் இறகு சுழல ஆரம்பித்திருக்கும், பிடித்து நிறுத்த எதுவும் இருந்திருக்காது.

நேற்று மத்தியானம் சுயம்பு கூப்பிட்டான். வழக்கம்போல வணக்கம் இல்லை.

"அக்கா, நாங்க ஏறல்ல" என்றான்.

பிறகு அவனே, "அந்த வரி ஒங்க எழுத்தாக்கும்?" என்று கேட்டான்.

"எம்மவன் எழுதுனது" என்றேன்.

செரி என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். நான் அடுக்களையில் தரையில் உட்கார்ந்து அழுதேன். உன் அப்பா வந்து பார்த்துவிட்டு யார் செத்தார்கள் என்று கேட்டார். யாரும் சாகவில்லை என்றேன், அதைச் சொல்லிவிட்டு மறுபடி அழுதேன்.

ஆகவே என் முடிவு இதுதான். புதியவர்களுக்காக நீ தனியாக ஒரு பெரிய பதிப்பைத் தொடங்கு. அதில் உன் அழகான வாக்கியங்களையெல்லாம் எழுது, நான் குறுக்கே வரமாட்டேன். எட்டுக்கான கிளை, அதாவது எட்டில் ஓடுகிற தனிப் பிரதி, இங்கே இருக்கும், அந்த இயந்திரங்களைக் கழற்றி லாரியில் ஏற்றுகிற நாள் வரை. ஆள் உயிர் சம்பந்தப்பட்ட எந்தத் திருத்தமும் இரண்டிலும் போகும். நான் செத்த பிறகு என்ன வேண்டுமானாலும் செய்துகொள் என்று மற்ற அம்மாக்கள் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். செத்த பிறகும் இதைத்தான் செய்ய வேண்டும்.

இதெல்லாம் கிழவியின் பிடிவாதம் என்று இன்னும் உனக்குத் தோன்றினால், உன்னை நான் தடுக்கவில்லை. கச்சானில் எனக்கு இருக்கிற எல்லா உரிமையும் உனக்கும் இருக்கிறது. நான்தான் கொடுத்தேன், திரும்ப வாங்கப் போவதில்லை. எட்டுக்கான கிளையைத் திற. ஜெபினை ஏணியிலிருந்து நிறுத்திய வரி அதில்தான் இருக்கிறது, பக்கத்தில் உன் பெயரும் இருக்கிறது. இப்போது அழித்துப் பார்.

உன் அம்மா